படுக்கவைத்துப் பார்க்கும் மையம்

சகல மகளிருக்கும், அவர்தம் கணவன்மார்களுக்கும், பெண்களுக்கு இடுப்புக்கு உள்ளேயும் உடம்பு உண்டு என்பதை இதுவரை அறியாதிருந்த பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, பெண்களின் இடுப்புக்குழிக்குள் ஒளிந்து வாழும் இரத்தக்குழாய்களைத் தேடிப் பிடித்து, படமெடுத்து, உலகறியச் செய்யும் பொருட்டு, நமது தலைமை மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ‘மகளிர் இடுப்புக்குழி இரத்தநாளப் பிம்ப உயர்மையம்’ திறக்கப்பட இருக்கிறது. இனி எந்தப் பெண்ணும் காரணம் தெரியாமல் சாக வேண்டிய அவசியம் இல்லை.

இந்த அறிவிப்பை லிப்டின் இரட்டைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மனிதகுல வரலாறு இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும். மூடும்போது ஒன்றுசேரும். மீட்டர் அக்கா லிப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் அதை முழுக்கப் படித்தாள். படித்ததில் அவள் மனசில் நின்றது ஒரே ஒரு சொல்தான். சாக.

“அண்ணி, அதையெல்லாம் படிக்காதீங்க. வாங்க,” என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

மீட்டர் அக்கா என்பது துணிக்கடையில் வந்த பெயர். சட்டைத்துணிப் பிரிவில் மீட்டர் கோலும் கையுமாகப் பல வருஷம் நின்றவள். நின்றவள் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். அந்தக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு வாங்குகிற ஆசை போய்விடும் என்பது முதலாளி தாமே கண்டுபிடித்த விஞ்ஞானம். அவர் அதைக் கண்டுபிடித்ததும் உட்கார்ந்துகொண்டுதான்.

வலி இரண்டாவது மகள் பிறந்த பிறகு வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. மத்தியானத்துக்கு மேல் அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனக்கும். பொழுது சாயச் சாய மூட்டைக்குள் கல் சேரும். கடை மூடும் நேரத்தில் எல்லாம் கழன்று கீழே விழுந்துவிடும் போல, தொடைகளை ஒட்டிவைத்துக்கொண்டு நடப்பாள். வீட்டுக்கு வந்து படுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், இந்த வருஷம் வலி ஆளையே தின்ன ஆரம்பித்த பிறகுதான் வெளியே சொன்னாள். சொன்னதும் நாத்தனாரிடம்தான். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பான். போனில், “என்னம்மா, வாயுவா இருக்கும்,” என்றான். அவனுக்கு உலகத்தில் பாதி வாயு, மீதி டீசல்.

வலியைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவளுடைய அக்கா. அக்காவுக்கும் இதே அடிவயிறுதான். போன இடத்திலெல்லாம் “ஒன்னுமில்லை” என்றார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஒருநாள் திடீரென்று, “ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?” என்று திட்டினார்கள். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டி. மழைக்காலம் முடிவதற்குள் அக்கா இல்லை. அன்றிலிருந்து மீட்டர் அக்காவுக்கு உலகத்திலேயே பயங்கரமான சொல் ‘ஒன்றுமில்லை’தான்.

தலைமை மருத்துவமனை அந்தச் சொல்லை அவளுக்குத் தாராளமாக வழங்கியது.

முதல் தடவை போனபோது, “சாயங்காலம் வரட்டுங்களா? அப்பதான் வலிக்கும்,” என்று கேட்டாள். முகப்பில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சாயங்காலம் மெஷினுக்கு ஓய்வும்மா. அதுக்கும் உடம்புதானே,” என்றார்.

காலையில் போனாள். நேராக ஸ்கேன் அறைக்கு விடவில்லை. முதலில் ‘அமைதிக் கூடம்’ என்று ஓர் அறை. வரிசையாகக் கட்டில்கள். பதற்றமான உடம்பைப் படம் பிடித்தால் பதற்றம்தான் தெரியும் என்பது ஆஸ்பத்திரி இயக்குநரின் கொள்கை. ஆகவே பெண்கள் அங்கே படுத்திருக்கவேண்டும். ஒரு நர்ஸ் அவ்வப்போது வந்து, “வலிக்குதா?” என்று கேட்பாள். வலிக்கிறது என்றவர்கள் தொடர்ந்து படுத்திருக்கவேண்டும். வலி நின்றுவிட்டது என்று சொல்பவர்களை மட்டும், “நல்லது, வாங்க,” என்று வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க அழைத்துப் போவார்கள்.

ஸ்கேன் எடுப்பவள் இளவயதுக்காரி. வாய் திறக்க மாட்டாள். ஸ்கேன் எடுப்பவர்களுக்கெல்லாம் முகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் ஸ்கேன் எடுப்பவர் முகத்தைப் பார்த்தே பெண்கள் நோயைத் தெரிந்துகொண்டார்களாம்; அது டாக்டருக்குச் சேரவேண்டிய மரியாதை அல்லவா? எனவே கண் விரியக் கூடாது, புருவம் ஏறக் கூடாது, எச்சில் விழுங்குவதென்றால் திரும்பிக்கொள்ளவேண்டும். பயிற்சியில் முதலாவதாக வந்ததற்காக இவள் சட்டையில் வெள்ளி நட்சத்திரம் ஒன்று குத்தியிருந்தார்கள். மீட்டர் அக்கா படுத்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிய கடையின் ஷட்டரைப் பார்ப்பது போல இருந்தது.

“ஏதாவது தெரியுதாம்மா?”

குளிர்ந்த களிம்பு மட்டும் வயிற்றில் வழிந்தது.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ஒன்னுமில்லை,” என்றார்.

இரண்டாவது தடவை சுரங்கம். உடம்பையே உள்ளே தள்ளி மூடும் பெரிய இயந்திரம். கண்ணுக்கு நேரே, மூக்கு இடிக்கிற தூரத்தில் வெள்ளைக் கூரை. சுற்றிலும் யாரோ தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம். நடுவில் பதிவு செய்த குரல் ஒன்று தேன் ஒழுக, “மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்,” என்றது. பிடித்துக்கொண்டாள். குரல் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு அடைத்தது. எதையோ பார்த்துவிட்டார்கள், பார்த்துவிட்டு யாரையோ கூப்பிடப் போயிருக்கிறார்கள், அக்காவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது தானாகவே மூச்சு வெடித்து வெளியே வந்தது. வெளியே எடுத்த பிறகு, இயக்குபவர் டீ டம்ளரும் கையுமாக வந்து, “மூச்சு விடச் சொல்ற பட்டன் கொஞ்ச நாளா வேலை செய்யலை. பொதுவா எல்லாரும் அவங்களாவே விட்டுடுவாங்க,” என்றார்.

அதிலும் ஒன்றுமில்லை.

மூன்றாவதாக எடுத்தது உள்வழிப் பரிசோதனை. அதை விவரிக்கும் உத்தேசம் இல்லை. அதிலும் படுக்கைதான், அதிலும் ஒன்றுமில்லைதான். அக்காவுக்கும் மூன்றோ நான்கோ ஒன்றுமில்லைகள்தான். அதற்கு அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது கத்தி டாக்டர். அந்தப் பெயர் நாத்தனார் வைத்தது. இரண்டாம் மாடியில் அறுவைப் பிரிவின் தலைவர். மேசை, நாற்காலி, சட்டை, சிரிப்பு எல்லாம் சலவை செய்தது போலிருப்பவர்.

“எல்லாப் படமும் பாத்துட்டேன். ஒன்னுமே இல்லை. ரொம்ப சுத்தமான கர்ப்பப்பை,” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து மீட்டர் அக்கா கைகூப்பினாள்.

“அதனால எடுத்துடலாம்.”

“எதைங்க?”

“கர்ப்பப்பையைத்தான்.”

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் மின்கட்டணம் கட்டும் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் வித்தைகள் அவளுக்குத் தெரியும். “ஒன்னுமில்லைன்னுதானே சார் சொன்னீங்க? ஒன்னுமில்லாததை எதுக்கு எடுக்கணும்?”

“ஒன்னுமில்லாத ஒரு உறுப்பு வலிக்குதுன்னா, அதை வச்சிருக்கறதுல என்ன பிரயோஜனம், சொல்லுங்க? ரெண்டு குழந்தை ஆச்சு. இனிமே அதுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவங்கதான் எப்பவும் தொந்தரவு பண்ணுவாங்க.”

“எடுத்துட்டா வலி போயிடுமா?”

“போகலாம். போகலைன்னா வலிக்குக் காரணம் கர்ப்பப்பை இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சுடும். எப்படிப் பாத்தாலும் லாபம்.”

மீட்டர் அக்கா மெல்லிய குரலில் கேட்டாள்: “டாக்டர், எங்க அக்காவுக்கு வந்தது மாதிரி கட்டியா இருக்குமோ? என்கிட்ட மறைக்கிறீங்களோ?”

“பாத்தீங்களா, இதான் பிரச்சினை. இருக்குன்னா அழறீங்க, இல்லைன்னா மறைக்கிறோம்ங்கறீங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமை காலையில வெறும் வயித்தோட வாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. மேல புது மையம் திறக்கறாங்க. முதல் ஸ்கேன் உங்களுக்குத்தான். இயக்குநரே உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கார்.”

ஏன் தன்னை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையான பதில் கிடைத்திருக்காது, இங்கே சொல்லிவிடலாம். திறப்பு விழாவில், பெரிய மனிதர்கள் முன்னால், பெரிய திரையில் ஸ்கேன் காட்டவேண்டும். அப்போது ஏதாவது நோய் தெரிந்து தொலைத்தால் விழாவின் மங்களம் கெட்டுவிடும். ஆகையால் ஒன்றுமில்லை என்று அரசாங்க முத்திரை இல்லாத குறையாக நிரூபிக்கப்பட்ட ஒரு பெண் தேவைப்பட்டாள்.

இரண்டாம் மாடிப் படியில் இறங்கும்போது நாத்தனார், “அண்ணி, அந்த ஆளு ஃப்யூஸ் போயிருக்குன்னா வீட்டையே இடிக்கச் சொல்றவன். வேண்டாம்னு சொல்லிடலாமா?” என்றாள்.

“வேண்டாம்னு சொல்லிட்டு, அப்புறம் அக்கா மாதிரி ஆயிட்டா? பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது?” மீட்டர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு வெட்டறதுக்குப் பயம் இல்லை. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வெட்டறாங்களே, அதான். இன்னொரு தடவைதான் பாக்கட்டுமே. ஒருவேளை தெரிஞ்சா?”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சாலும் பயமாத்தான் இருக்கு.”

விழா மாலையில் நடந்தது. இயந்திரத்துக்கு அன்று மட்டும் ஓய்வு ரத்து. சிறப்பு விருந்தினருக்குக் காலையில் எழுந்து பழக்கமில்லை.

மூன்றாம் மாடிக் கூடத்தில் நாற்காலிகள் போடவில்லை. போட்டால் தரை மறைந்துவிடும், தரை புதிது. எல்லோரும் நின்றார்கள். மீட்டர் அக்கா மத்தியானம் வரை கடையில் நின்றுவிட்டு, பஸ்ஸில் நின்று வந்து, இங்கே நின்றாள். ‘முதல் பயனாளி’ என்று தோளில் ஒரு பட்டுப் பட்டையைக் குறுக்காக மாட்டிவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி என்ற சொல்லுக்குத் தடை. நோய் இருப்பதாக ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடுமாம்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். அவர் அதைப் பிடித்தால் விடமாட்டார் என்பது பணியாளர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

“பெண்கள் வலி என்கிறார்கள். நான் கேட்கிறேன், வலியை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கண்ணால் காணாததை நம்புவது மூடநம்பிக்கை. அந்த மூடநம்பிக்கையை ஒழிக்கவே இந்த மையம். இங்கே நிறுவப்பட்டிருக்கும் இயந்திரம் சாதாரணமானது அல்ல. பல மாதங்களாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இந்த நீண்ட காலத்தில் ஒரு தவறான முடிவைக்கூட அது தந்ததில்லை!”

கைதட்டல்.

“சில பெண்கள், நின்றால் வலிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்கிறார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? படுக்கையே மருந்து என்று தெரிகிறது! நம் மருத்துவமனையில் எல்லோரையும் படுக்கவைக்கிறோம். ஆகவே நம்மிடம் வந்த எல்லோரும் குணமாகிறார்கள். வீட்டுக்குப் போய் எழுந்து நிற்பது அவரவர் சொந்தப் பொறுப்பு.”

மீட்டர் அக்காவின் காதில் பாதி விழவில்லை. மூட்டை கனக்க ஆரம்பித்துவிட்டது. கல் சேர்ந்தது. முதுகின் அடியில் ஓர் இழுப்பு. தொடையின் உட்பக்கம் நரம்புகள் முறுக்கிக்கொண்டு துடித்தன. விழுந்துவிடுவேனோ என்று பயந்தாள். பட்டுப் பட்டையோடு விழுந்தால் நன்றாக இருக்காது. நாத்தனாரின் தோளைப் பிடித்தாள். “உக்காரலாமா?” “முதல் பயனாளி உக்காரக் கூடாதாம் அண்ணி, போட்டோ எடுக்கறாங்களாம். என்மேல சாஞ்சுக்கோங்க.”

பேச்சு முடிந்து முக்கியமானவர்கள் மட்டும் ஸ்கேன் அறைக்குப் போனார்கள்; மற்றவர்கள் கூடத்தின் பெரிய திரைக்கு முன்னால் நின்றார்கள். அங்கேதான் கோளாறு.

சிறப்பு விருந்தினர் வயதானவர். அவரும் அவ்வளவு நேரம் நின்றிருந்தார். ரிப்பனை வெட்டியதும் கண்ணில் பட்ட முதல் சமதளத்தில் உட்கார்ந்தார். அது ஸ்கேன் கட்டில். நிருபர் ஒருவர், “அய்யா, அப்படியே சாஞ்சு ஒரு போட்டோ,” என்றார். அய்யா சாய்ந்தார். மெத்தை இதமாக இருந்தது. விளக்கும் மங்கல். சாய்ந்தவர் தூங்கிவிட்டார்.

மகளிர் இடுப்புக்குழி இரத்தநாளப் பிம்ப உயர்மையத்தின் ஒரே கட்டிலில், பெண்களுக்கென்றே வடிவமைத்த பள்ளத்தில், மாலையும் கழுத்துமாக அவர் குறட்டை விட்டார்.

இயக்குநர் விருந்தினருடைய உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தலையை ஆட்டினார். “எழுப்பினா கோவம் வரும். போன தடவை எழுப்பினவர் இப்போ தூரத்து ஊர்ல இருக்கார்.”

“ஆனா வெளியில திரைக்கு முன்னாடி எல்லாரும் காத்திருக்காங்களே!”

“அது உங்க பாடு.”

இயக்குநரின் நெற்றியில் வேர்த்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில் இல்லாமல் ஸ்கேன் என்பது அவர் மூளைக்கு எட்டாத காரியம். கடைசியில் ஸ்கேன் எடுப்பவளிடம் கிசுகிசுத்தார்: “ஒன்னுமில்லைன்னு ஏற்கெனவே தெரிஞ்ச கேஸ்தானே? நிக்க வச்சே சும்மா ஒரு நிமிஷம் வயித்துல வை. திரையில எதாவது அசைஞ்சா போதும்.”

மூலையில் துணித்திரை கட்டினார்கள். இயக்குநரும் உதவியாளரும் கூடத்துக்கு ஓடினார்கள். உள்ளே மீட்டர் அக்காவும் ஸ்கேன் எடுப்பவளும். நாத்தனார் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்த களிம்பு. அடிவயிற்றின் பக்கவாட்டில் கருவி அழுந்தியது. சிறிய திரை அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதே படம் வெளியே கூடத்தின் பெரிய திரையிலும் ஓடியது.

முதலில் சாம்பல் நிறப் புகை. பிறகு புகைக்குள் கறுப்பாக வளையங்கள். ஒன்று, இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு கூட்டம்.

ஸ்கேன் எடுப்பவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். வளையங்களுக்குள் நிறம் வந்தது.

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நல்லா முக்குங்க,” என்றாள். அதுதான் மீட்டர் அக்கா கேட்ட அவளுடைய முதல் குரல்.

முக்கினாள். நீலமாக இருந்ததெல்லாம் ஒரே நொடியில் சிவப்பாகப் புரண்டது. பின்னிப் பிணைந்து கிடந்த பாம்புக் கூட்டம் ஒன்று விழித்துக்கொண்டு திரும்பிப் படுத்தது போல இருந்தது. கூடத்திலிருந்து நூறு தொண்டைகள் ஒன்றாக, “ஆ!” என்றன.

மீட்டர் அக்கா திரையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது ஸ்கேன் எடுப்பவளின் முகத்தை. பூட்டிய ஷட்டர் திறந்துவிட்டது. கண் விரிந்தது. புருவம் ஏறியது. வெள்ளி நட்சத்திரம் வாங்கிய அந்தத் தொண்டை எல்லோருக்கும் தெரிய எச்சில் விழுங்கியது.

முடிந்தது, என்று நினைத்தாள் மீட்டர் அக்கா. அக்காவின் கட்டிலும், மூக்கில் செருகிய குழாயும், கடைசியில் எலும்பாகிப்போன மணிக்கட்டும் கண்முன் வந்தன. பெரியவளுக்கு இன்னும் தலைமுடியைச் சரியாகப் பின்னிக்கொள்ளத் தெரியாது. சின்னவள் இருட்டில் தனியாகக் குளியலறைக்குப் போக மாட்டாள். லாரிக்காரனுக்கு அதுகளின் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்றுகூடத் தெரியாது. அப்போதுதான் வெளியே கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள்! விருந்தினரின் உதவியாளர், சிவப்பும் நீலமும் விழாவுக்காக ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்து ஆரம்பித்துவைத்தார். கூடமே தொடர்ந்தது. யாரோ சீட்டி அடித்தார்கள். தன் வயிற்றுக்குள் இருக்கும் சாவைப் பார்த்து ஊரே கைதட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“என்னன்னு சொல்லு தாயே,” என்றாள் நாத்தனார். “உன் காலைப் பிடிச்சுக்கறேன். எங்க அண்ணி முகத்தைப் பாரு. சொல்லிடு.”

ஸ்கேன் எடுப்பவள் வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கருவியை எடுக்காமலேயே, படபடவென்று சொன்னாள்.

“அக்கா, கட்டி இல்லை. இது ரத்தக்குழாய். மேல போகவேண்டிய ரத்தம் நீங்க நிக்கும்போது கீழ திரும்பி வந்து தேங்குது. குழாயெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கு. படுத்தா வடிஞ்சு காலியாயிடும், அதான் ஒன்னும் தெரியலை. மூணு தடவையும் படுக்க வச்சுத்தானே பாத்தோம்... எனக்கும் புத்தியில ஏறலை.”

“கேன்சர் இல்லையா?”

“இந்தப் படத்துல அப்படி எதுவும் இல்லை.”

“சத்தியமா?”

“எங்கம்மா மேல சத்தியமா. நான் டாக்டர் இல்லை, வேற நல்ல இடத்துல காட்டுங்க. ஆனா ரத்தக்குழாய்க்காகக் கர்ப்பப்பையைக் கொடுத்துடாதீங்க. மெல்லிசா ஒரு குழாயை உள்ள விட்டு, அந்த ரத்தக்குழாயை மட்டும் அடைச்சுடுவாங்க. கத்தியே வேண்டாம்.”

மீட்டர் அக்கா அவள் கையை, களிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வலி உச்சத்தில் இருந்தது. இவ்வளவு வலியோடு இவ்வளவு நிம்மதியாக அவள் ஒருபோதும் இருந்ததில்லை.

வெளியே இயக்குநர் முதலில், “அணைங்க, அணைங்க!” என்றுதான் கத்தினார். கைதட்டல் நிற்காததைக் கவனித்ததும் கத்துவதற்காகத் தூக்கிய கையை அப்படியே வணக்கமாக மாற்றிக்கொண்டார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“பார்த்தீர்களா! இதைத்தான் நான் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறேன். நிற்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று! இந்த முறைக்கு என் பெயரைச் சூட்டவேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தும், இன்றிரவு அமையவிருக்கும் குழு ஒருமனதாக வற்புறுத்த இருப்பதால், கனத்த மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.”

அறைக்குள் சிறப்பு விருந்தினர் விழித்து, “என்னோட ரிப்போர்ட் எப்படி?” என்று கேட்டார். “ஒன்னுமில்லை அய்யா,” என்றார்கள். மகிழ்ந்து போனார்.

ஸ்கேன் எடுப்பவளின் சட்டையிலிருந்து நட்சத்திரத்தை அன்றே கழற்றிவிட்டார்கள். முகம் மாறியது ஸ்கேன் அறை மூலையிலிருந்த கேமராவில் விழுந்திருந்தது.

மறுநாள் காலையிலேயே இருவரும் இரண்டாம் மாடிக்குப் போனார்கள். மீட்டர் அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கத்தி டாக்டர் அவளைப் பார்த்து, “வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னேன்?” என்றார்.

நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு விரலை மேலே நீட்டினார். “அது மூணாவது மாடி.” கீழே நீட்டினார். “இது ரெண்டாவது மாடி. அங்க கண்டுபிடிக்கறது அவங்களுக்கு. எங்ககிட்ட இருக்கறது படுத்த படம். படுத்த படத்துல ஒன்னுமில்லை. நான் ஆபரேஷன் பண்ணப்போறதும் படுக்க வச்சுத்தானே? அப்போ எந்தப் படத்தை நம்பணும், நீங்களே சொல்லுங்க.”

“இயக்குநரே எல்லார் முன்னாடியும் சொன்னாரே சார்!”

“அவர் சொன்னார். எழுதிக் கொடுத்தாரா?”

“ஊரே பாத்துச்சே!”

“ஊருக்கு ஆபரேஷன் இல்லையே. நாலாம் நம்பர் கட்டில் ஒதுக்கியாச்சு. தியேட்டர் கழுவியாச்சு. மயக்க மருந்து டாக்டர் லீவை ரத்து பண்ணிட்டார்.”

மீட்டர் அக்காவின் சிரிப்பு போய்விட்டது. பழைய பயம் திரும்பி வந்தது. ஆனால் இப்போது அதற்கு முகம் இருந்தது. எதிரே சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. “நான் வரலைன்னா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள். கேட்டது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“வராம எப்படிம்மா? அதான் கட்டில் போட்டாச்சே,” என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

அவள் போகவில்லை. அடுத்த ஊரில் இரத்தக்குழாய்களுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் நாத்தனார் அழைத்துப் போனாள். அவர், “எப்போ வலிக்கும்?” என்று கேட்டார். சொன்னதும், “அப்படின்னா எழுந்து நில்லுங்க,” என்றார். அங்கேயும் அதே பாம்புக் கூட்டம்தான். அடைத்துவிடலாம், பயப்பட எதுவும் இல்லை என்று அடுத்த வாரத்தில் ஒரு நாள் கொடுத்தார். வெள்ளிக்கிழமை முழுவதும் மீட்டர் அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வாசலில் வண்டி நின்றால் கூட்டிப்போக வந்துவிட்டார்களோ என்று உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது. தேன் ஒழுகும் பெண் குரல்.

“வணக்கம். தலைமை மருத்துவமனை அறுவைப் பிரிவிலேர்ந்து பேசறோம். நேத்து உங்க ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வாழ்த்துகள். தையல் பிரிக்க எப்போ வர்றீங்க?”

மீட்டர் அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். தன்னையறியாமல் இன்னொரு கையை அடிவயிற்றில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “நான் வரவே இல்லையேம்மா,” என்றாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

“நாலாம் நம்பர் கட்டில்தானே நீங்க?”

“ஆமா. ஆனா நான் வரலை. நான் எங்க வீட்லதான் இருக்கேன்.”

“இல்லீங்களே... கட்டில்ல ஒருத்தங்க படுத்திருந்தாங்களே.” குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது. “கொஞ்சம் லைன்ல இருங்க.”

நாத்தனார் அருகில் வந்து காதை ஒட்டவைத்துக்கொண்டாள். போனில் வீணை வாசித்தார்கள். வீணை பாதியில் அறுந்தது. தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

இது குறித்து விசாரிக்க இயக்குநர் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது.